முப்பத்தேழாம் எண் பழம்

2024ஆம் ஆண்டு, ஜூன் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பெரியநாயகி எழுதாத ஒரு வரி, பெரியநாயகியின் பெயரைத் தாங்கிய புத்தகத்தில் அச்சேறி, மலாக்கா மாநிலத்து மெர்லிமாவில் பதினொரு பேருடைய வாயைப் புண்ணாக்கியது. அவர் எழுதிய வரியோ அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. அதை நீக்கியவர் முகம் தெரியாத ஆள் அல்லர். நான்கு ஆண்டுகள் அவரோடு ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சோறு பிசைந்து உண்டவர்.

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும்.

பெரியநாயகி மெர்லிமாவை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரங்களை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட காலத்தில் லயத்து வீட்டை விட்டுக் கிளம்பி, பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். கைவேகமும் கண்கூர்மையும் அவரைச் சில ஆண்டுகளில் லைன் சூப்பர்வைசர் ஆக்கின. 1998இல் அந்த நிறுவனம் பிரேசில் நாட்டின் மனாவுஸ் நகரில் ஒரு கிளையைத் திறந்தது. அங்குள்ள பெண்களுக்கு வேலை பழக்க இரண்டு பேரை அனுப்பியது. ஒருவர் பெரியநாயகி. மற்றவர், குருபோங்கைச் சேர்ந்த மோகனா. ஆறு வயது இளையவர். ஆறு மாதம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். நான்கு ஆண்டு ஆயிற்று திரும்பி வர.

போர்த்துகீசிய மொழியை அவர்களுக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித்தரவில்லை. மோகனா தொழிற்சாலைப் பெண்களிடம் பேசப் பழகினார்; பேச்சோடு நிறுத்திக்கொண்டார். பெரியநாயகி சந்தைக்குப் போய்ப் பழக்கடைகளின் முன் நின்றார்; பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்; வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எழுதிவைத்தார். ஒரு கிழவி 'மாங்கா, மாங்கா' என்று கூவி விற்றபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உலகத்தைச் சுற்றி வந்து தன் வீட்டுச் சொல்லையே தனக்கு விற்கிறார்களே என்று மோகனாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அங்கே போன முதல் வாரத்தில் அவர் சிரிக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த மரத்தில் எது காய்த்தாலும் கத்தியால் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத்தான் அதன் பெயரையே கேட்பார்கள். மனாவுஸ் சந்தையில் செம்பனைக் குலைக்குத் தம்பி போல ஒரு குலை தொங்கியது. சிவப்பும் மஞ்சளுமாக, கோழி முட்டையிலும் சற்றே சிறிய பழங்கள். பெரியநாயகி நான்கு பழம் வாங்கிவந்து, வழக்கப்படி கீறி, வழக்கப்படி கடித்தார். ஆயிரம் ஊசி நாக்கில் இறங்கியது போலிருந்தது. உதடு தடித்துவிட்டது. அன்று பிற்பகல் முழுவதும் பனிக்கட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தவர் மோகனாதான்.

"நாலு நாளா உங்க வாயி ஓயவே இல்லக்கா. இன்னைக்குத்தான் வீடு அமைதியா இருக்கு" என்று அவர் கேலி செய்ததையும், கேலி செய்துகொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பெரியநாயகி மறந்ததில்லை.

அந்தப் பழத்தின் பெயர் புப்புன்யா. உப்புநீரில் நன்றாக வேகவைத்துவிட்டால் சாதுவாகிவிடும். மனாவுஸ்காரர்கள் காலையில் காப்பியோடு அதைத்தான் உண்கிறார்கள். பச்சையாக யாரும் தொடுவதில்லை.

இது நடந்து கால் நூற்றாண்டு கழிந்தது. பெரியநாயகி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மெர்லிமாவில் தாமான் என்னும் புதுக் குடியிருப்பு ஒன்றில் குடியேறினார். மோகனாவோ ஜமாலுதீன் பாயின் பழத்தோட்டத்தில் மேலாளராக இருந்தார். மலாக்கா நகரில் தலைமுறையாக மளிகைக் கடை நடத்திய குடும்பம் பாயுடையது. மரத்தின் மேலிருந்த ஆசையால், மெர்லிமாவின் ஓரத்தில் நிலம் வாங்கி, பிரேசிலிலிருந்து விதை வரவழைத்து, ஐம்பத்திரண்டு வகைப் பழமரங்களை வளர்த்திருந்தார். எட்டு ஆண்டில் பல மரங்கள் காய்ப்புக்கு வந்துவிட்டன. வருகிறவர்கள் கையில் கொடுக்க ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. விதை அனுப்பியவர்களின் பட்டியலோ போர்த்துகீசிய மொழியில் இருந்தது.

"அக்கா, உங்கள விட்டா இந்த ஊருல யாருக்கா இருக்கா? பேர மட்டும் இங்கிலீஷ்ல மாத்திக் கொடுங்க லா. புத்தகத்துல உங்க பேரப் போடுறேன்" என்று மோகனா கேட்டார்.

"பேரப் போடாட்டியும் பரவால்ல. எழுதிக் கொடுத்தத மாத்தாம போடு. மாத்தணும்னா என்னக் கேளு" என்றார் பெரியநாயகி.

"அதெப்படிக்கா உங்களக் கேக்காம மாத்துவேன்?"

அந்த ஒரு வாக்கை நம்பி அவர் மூன்று மாதம் உழைத்தார். பெயர்களை மாற்றுவது எளிய வேலை என்று எண்ணுவோர் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். அன்னாசிக்கும் கொய்யாவுக்கும் ஆங்கிலத்தில் ஆயத்தமாகச் சொல் இருக்கிறது, எடுத்து வைத்துவிடலாம். 'பிரபுவின் பழம்' என்று போர்த்துகீசியர் அழைப்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், அது நம் சீத்தாப்பழம் என்று எந்தப் பிரபுவுக்கும் விளங்காது. கிராவியோலா என்னும் முள்சீத்தாவை இங்கே மலாய்க்காரர் டச்சுக்காரரின் பெயரால் டூரியான் பிளாண்டா என்கிறார்கள்; போர்த்துகீசியப் பெயரில் டச்சுக்காரரின் சாயலே கிடையாது. குப்புவசு, பக்குரி போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் சொல்லே இல்லை. அவற்றை உள்ளபடியே எழுதி, கீழே விளக்கம்தான் தர வேண்டும்.

இந்த விளக்கத்தில்தான் பெரியநாயகி தம் தொழிற்சாலைப் பழக்கத்தைக் கைக்கொண்டார். தொழிற்சாலையில் ஒவ்வோர் இயந்திரத்தின் மேலும் ஒரு தாள் தொங்கும். இயந்திரத்தின் பெயர் மேலே இருக்கும். கை முதலில் செய்ய வேண்டிய வேலை அதற்கு அடியில் இருக்கும். மற்றவையெல்லாம் அதன் பிறகுதான். அந்த முறைப்படி, ஐம்பத்திரண்டு பெயர்களின் அடியிலும் ஒவ்வொரு வரி எழுதினார். 'மரத்திலேயே பழுக்க விடு.' 'விதையை விழுங்காதே.' 'தோலை உரிக்காமல் பிளந்து கரண்டியால் எடு.'

முப்பத்தேழாம் எண்ணில் புப்புன்யா இருந்தது. அகராதி அதற்குப் 'பீச் பாம்' என்று பெயர் தந்தது. அகராதியில் பிழையில்லை. ஆயினும் பெரியநாயகி அந்தப் பெயரில் மூன்று நாள் நின்றுவிட்டார். மெர்லிமாவில் பீச் மரத்தைக் கண்டவர் இல்லை; பீச் என்றால் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் டின்னை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றும் பாகுப்பழம். அந்தப் பெயரைப் பார்த்தவுடன் நாக்கு தானாக முன்னே வந்துவிடும். எனவே அந்தப் பெயரை அடைப்புக்குறிக்குள் சிறியதாக வைத்து, 'வேகவைத்துண்ணும் பனைப்பழம்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் தலைப்பிட்டு, அடியில் இவ்வாறு எழுதினார்: 'உப்புநீரில் ஒரு மணி நேரம் வேகவைக்கும்வரை வாயில் வைக்காதே.'

எழுதியதோடு நில்லாமல் கைபேசியை எடுத்து மோகனாவுக்குக் குரல்பதிவும் அனுப்பினார். மோகனா குரலிலேயே மறுமொழி தந்தார். அந்த இரண்டு பதிவுகளும் கைபேசியில் கிடந்தன.

ஜூன் ஒன்பதாம் நாள் தோட்டத்தின் திறப்பு நாள். பெரியநாயகிக்குக் குருபோங்கில் உறவுக் கல்யாணம், போக இயலவில்லை. பழைய தோட்டத்துக் கோயில் சங்கத்தார் ஒரு பஸ் பிடித்துப் போனார்கள். கத்தி கொண்டுபோனார்கள். இப்போதெல்லாம் உப்புக்கும் மிளகாய்த்தூளுக்கும் பதிலாக, உப்பிட்டு உலர்த்திய பிளம்ஸை இடித்த அசாம்போய்த் தூள்தான். அதையும் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுபோனார்கள்.

மாலை நான்கு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் கைபேசி அடித்தது. பட்டுச்சேலையோடு பெரியநாயகி மெர்லிமா கிளினிக்குக்கு ஓடினார். வாயைப் பொத்திக்கொண்டு பதினொரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் முனியாண்டி; எழுபது வயது, செம்பனைக் குலை வெட்டியே தோள் அகன்றவர், பெரியநாயகிக்கு மாமா முறை. மற்றவர்கள் ஒரு கடியோடு துப்பிவிட, அவர் மட்டும் வீம்புக்கு ஒரு முழுப் பழத்தை விழுங்கியிருந்தார். உதடு இரண்டு மடங்காகியிருந்தது.

வரிசையில் இருந்த ராமாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தார். "வாம்மா நாயகி. உன் புத்தகத்தப் படிச்சிட்டுத்தான் கடிச்சோம்."

"என் புத்தகமா? அதுல வேகவைக்கணும்னு இருக்குமே?"

"எங்க இருக்கு? காட்டு, பாப்போம்."

பெரியநாயகி புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். முப்பத்தேழாம் பக்கத்தை ஒரு பெரிய வண்ணப்படம் அடைத்திருந்தது. கீழே 'பீச் பாம்'. அதன் கீழே ஒரே வரி: 'மரத்திலிருந்து பறித்ததும் உண்டு மகிழுங்கள்!' முப்பத்தாறாம் பக்கத்திலும் அதே வரி. முதல் பக்கத்திலும் அதே வரி. ஐம்பத்திரண்டு பழங்களுக்கும் அந்த ஒரே வரி. கடைசிப் பக்கத்தில் அவர் பெயர், ஓர் எழுத்துப் பிழையுமின்றி: 'மொழிபெயர்ப்பு: திருமதி பெரியநாயகி.'

முனியாண்டி வாயிலிருந்த பனிக்கட்டியைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு பேசினார். "செம்பனைப் பழம் மாதிரியே இருந்துச்சும்மா. அதப் போயி யாராச்சும் கடிப்பானா? பீச்சுன்னு போட்டிருந்துச்சு. கடைசிப் பக்கத்துல உன் பேரு இருந்துச்சு. நாயகி எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நான்தான் மொதல்ல கடிச்சேன். என்னப் பாத்துட்டுத்தான் மத்ததுங்க கடிச்சுதுங்க."

வீங்கிய உதட்டுக்கு மருந்து இருந்தது. இரண்டு நாளில் வற்றிவிடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாயகி எழுதினால் சரியாக இருக்கும் என்று அந்தப் பஸ்ஸில் வந்த நாற்பது பேரும் நம்பியிருந்தார்களே, அதற்கு மருந்து எங்கே வாங்குவது?

மறுநாள் காலை அவர் பழத்தோட்டத்து அலுவலகத்துக்குப் போனார். மோகனா நாற்காலியை இழுத்துப் போட்டார்; பெரியநாயகி உட்காரவில்லை.

"என்னக் கேக்காம ஏன் மாத்துன?"

"அக்கா, பீச் பாம்தான் அதோட இங்கிலீஷ் பேரு. கூகல்ல தட்டிப் பாருங்க. நான் ஒண்ணும் தப்பாப் போடல."

"பேரு கெடக்கட்டும். அடியில நான் எழுதுன வரி எங்க?"

"டிசைன் பண்ற ஆளு, படம் பெருசா வரணும், எல்லாத்துக்கும் ஒரே வரியா கொடுங்கன்னு கேட்டாரு. விழுங்காதே, வாயில வெக்காதேன்னு போட்டா படிக்கிறவன் மரத்துப் பக்கம் வருவானாக்கா? பஸ்ஸு திரும்பிப் போயிடும் லா."

"மனாவுஸ்ல என் வாயில ஐஸ்கட்டி வெச்சது யாரு மோகனா?"

மோகனா மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். "அதெல்லாம் எந்தக் காலம்க்கா. மறந்துபோச்சு."

"அப்ப ஒண்ணு செய். என் பேர எடுத்துடு. இல்லாட்டி இந்த வரிய மாத்துனது நான்னு உன் வாயால சொல்லு."

"உங்க பேரு வரணும்னுதானே அவ்வளவு கஷ்டப்பட்டீங்க? போட்டதுக்கும் கோவமா?"

பெரியநாயகி வாசலை நோக்கித் திரும்பினார். வெளியே வந்தபோது ஜமாலுதீன் பாய் எதிரே வந்தார். "நாயகியம்மா, நீங்க எழுதுன தாள நான் கண்ணால பாக்கல. மோகனா கொண்டுவந்தத அச்சுக்கு அனுப்பினேன். அச்சானது எல்லாம் வெளிய போயிடுச்சு. ஒரு அறிவிப்புப் போடச் சொல்லியிருக்கேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அறிவிப்பை எழுதும் பொறுப்பையும் மோகனாவிடமே ஒப்படைத்திருந்தார்.

புதன்கிழமை அறிவிப்பு முகநூலில் வந்தது. தமிழ், மலாய், ஆங்கிலம் என மும்மொழியிலும் வந்தது. 'முப்பத்தேழாம் எண் பழம் தொடர்பாக மொழிபெயர்ப்பாளர் தரப்பில் நேர்ந்த தவற்றுக்காக வருந்துகிறோம். பழத்தை வேகவைத்து உண்க.' கீழே மோகனாவின் பெயரும் பதவியும் இருந்தன.

ஒரு வரியை நீக்கியது அவசரம் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். இந்த அறிவிப்பை அவ்வாறு சொல்ல முடியாது. இது மேசையில் உட்கார்ந்து, நிதானமாக, மூன்று மொழியில் சரிபார்த்து எழுதப்பட்டது.

அன்று பிற்பகல் பெரியநாயகி முனியாண்டியின் வீட்டுக்குப் போனார். மாமாவின் உதடு வற்றியிருந்தது. மதிப்பும் வற்றியிருந்ததை அவர் வரவேற்ற விதம் காட்டியது. 'வாம்மா' என்றார், 'நாயகி' என்று சொல்லவில்லை.

பெரியநாயகி கைபேசியை எடுத்துத் தம் குரல்பதிவை ஒலிக்கவிட்டார். "மோகனா, முப்பத்தேழுக்கு பீச்சுன்னு பெருசாப் போட்டுடாத. நம்ம ஆளுங்க அசாம்போய தொட்டுக் கடிச்சிடுவாங்க. வேகவைக்கணும்னு அடியில எழுதியிருக்கேன், அத மட்டும் எடுத்துடாத."

முனியாண்டி யோசித்தார். "குரலு உன்னோடதுதான். அவ கேட்டாளோ இல்லையோ?"

பெரியநாயகி அடுத்த பதிவைத் தொட்டார். மோகனாவின் குரல் வந்தது. "சரிக்கா, கண்டிப்பாப் போடுறேன். மனாவுஸ்ல நீங்க பட்டபாடு எனக்கு மறக்குமா? நான்தானே பக்கத்துல இருந்தேன். அப்புறம் அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." பெரியநாயகியின் கட்டைவிரல் அங்கேயே பதிவை நிறுத்தியது.

"மிச்சத்தையும் வெய்யி" என்றார் முனியாண்டி.

"மிச்சம் ஒங்களுக்கில்ல மாமா."

மீதமிருந்த நான்கு நிமிடமும் மோகனா தம் மகளைப் பற்றி அழுதது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பிவந்த காரணம் அதில் இருந்தது. பெரியநாயகியைத் தவிர வேறு யாரிடமும் மோகனா அதைச் சொன்னதில்லை.

"அப்ப அந்த மோகனாப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே செஞ்சிருக்கு. கொண்டா, கோயில் குரூப்ல போட்டுடுவோம். ஒரு மணி நேரத்துல ஊரே கேக்கும்."

"போட்டா முழுசாத்தான் போகும். வெட்டிப் போட எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்டக் கொடுத்தா அவங்க கேட்டுடுவாங்க."

"கேட்டா என்ன? உன்ன மாட்டிவிட்டவ வீட்டுக் கதைய நீ என்னத்துக்குப் பொத்திப் பொத்தி வெச்சிருக்க?"

"என்கிட்ட சொன்னதாச்சே மாமா."

முனியாண்டி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். "அப்ப ஏறு, நாயகி. புத்தகம் இருக்குற வீடு பூரா எனக்குத் தெரியும். நான் சொல்றேன், நீ எழுது. ஆனா ஒண்ணு, நாக்கு தடிச்சவன் பேச்ச எவன் நம்புவான்னு தெரியல."

அன்றும் மறுநாளும் அவர்கள் இருபத்து மூன்று வீடுகளுக்குப் போனார்கள். கட்டைவிரல் ஒருமுறை தவறினாலும் மீதியும் வெளியாகிவிடும் என்று, பதிவைப் பெரியநாயகி எந்த வீட்டிலும் ஒலிக்கவிடவில்லை. முனியாண்டி நடந்ததைச் சொல்ல, பெரியநாயகி பேனாவால் அந்த வரியை அடித்துவிட்டு, அளவுகோல் வைத்தது போன்ற எழுத்தில் தம் வரியை எழுதினார். சிலர் காப்பி கொடுத்தார்கள். "என்ன நாயகி, டீச்சர் மாதிரி திருத்த வந்துட்ட?" என்று சிலர் சிரித்தார்கள்.

இருபத்து நான்காவது வீடு ராமாத்தாளுடையது. முனியாண்டி சொன்னதை முழுவதும் கேட்டார். பெரியநாயகி பேனாவைத் திறந்தபோது, அருகிலிருந்த மருமகளைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தியா, தப்பு தன்னோடதுன்னு தெரிஞ்சுதானே வீடு வீடா வந்து அழிக்குது. இல்லாட்டி இவளுக்கு என்ன வேலை? இவங்க சொல்ற அந்த மோகனா பேனாவத் தூக்கிட்டு வந்துச்சா, பாரு."

பெரியநாயகியின் கை புத்தகத்தின் மேலேயே நின்றது. முனியாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியநாயகி வேண்டாம் என்று தலையசைத்தார். பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். திருத்தத் திருத்தத் தம்மையே குற்றவாளியாக்கிக்கொண்டு வந்ததை அந்த வாசலில்தான் அவர் கண்டார். திருத்தாவிட்டாலோ அடுத்த பழக்காலத்தில் இன்னொரு வாய் வீங்கும். மோகனாவோ அந்தப் பக்கமே வரவில்லை. 'அக்கா, கோவமா?' என்று ஒரு வரி அனுப்பியிருந்தார், அவ்வளவுதான். அதற்குப் பெரியநாயகி இன்றுவரை மறுமொழி எழுதவில்லை. குரல்பதிவை யாருக்கும் அனுப்பவுமில்லை.

அச்சான படிகள் ஆயிரம். திருந்தியவை இருபத்து மூன்று. மீதமுள்ளவற்றைத் திருத்தும் உரிமை பெரியநாயகியின் கையிலிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. வேறு கைகள்தாம் அதைச் செய்ய வேண்டும். ஆகவே வாசகரே, அந்தப் புத்தகத்தின் படியொன்று உங்கள் வீட்டில் இருக்குமாயின், இப்போதே எழுந்துபோய் எடுங்கள். முப்பத்தேழாம் பக்கத்தில் அந்த வரியை அடியுங்கள். 'உப்புநீரில் ஒரு மணி நேரம் வேகவைக்கும்வரை வாயில் வைக்காதே' என்று உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். எழுதியவர் நீங்கள்தாம் என்று விளங்கும்படி, அதன் கீழே உங்கள் பெயரை இடுங்கள்.